கடற்கரையில் ஒரு பாக்கெட் ரேடியோ

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். கம்ப்யூட்டரை ஆன் செய்துவிட்டு, பேட்டரியில் ஓடும் ரேடியோ ஒன்றை மீடியம் வேவில் வைத்து, நிலையம் எதுவும் இல்லாத இடத்துக்கு முள்ளைக் கொண்டு போங்கள். பிறகு ரேடியோவை மெல்ல சி.பி.யூ. பெட்டிக்குப் பக்கத்தில் நகர்த்துங்கள். 'கர்ர்ர்' என்று ஓர் இரைச்சல் கிளம்பும். பெரிய ஃபைல் ஒன்றைக் காப்பி செய்தால் இரைச்சலின் சுருதிகூட மாறலாம். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பயப்பட வேண்டாம். கம்ப்யூட்டரில் பழுது ஒன்றும் இல்லை.

பெட்டிக்குள் இருக்கும் எஸ்.எம்.பி.எஸ். தான் இதில் முதல் குற்றவாளி. அது மின்சாரத்தை விநாடிக்குப் பல்லாயிரம் முறை நிறுத்தி நிறுத்தி அனுப்பித்தான் 12 வோல்ட், 5 வோல்ட் என்று மாற்றித் தருகிறது. அப்படிச் செய்யும்போது ரேடியோ அலைகளும் கசிகின்றன. விநாடிக்கு 60,000 முறை என்று வைத்துக்கொண்டால், 60 கிலோஹெர்ட்ஸோடு விஷயம் முடிவதில்லை. அதன் மடங்குகளான 540, 600, 660 என்று மீடியம் வேவ் முழுக்க அதன் சத்தம் இருக்கும். மானிட்டர், மோடம், செல்போன் சார்ஜர், எல்.இ.டி. பல்பு எல்லாம் தங்கள் பங்கைச் சேர்க்கும்.

இந்தக் கசிவை வைத்தே ஒருவர் பாட்டு வாசித்திருக்கிறார் தெரியுமா? 1975 ஏப்ரலில், கலிஃபோர்னியாவில் நடந்த ஹோம்புரூ கம்ப்யூட்டர் கிளப் கூட்டத்துக்கு ஸ்டீவ் டாம்பியர் என்பவர் தன் ஆல்டேர் 8800 கம்ப்யூட்டரைக் கொண்டு வந்தார். மானிட்டரும் இல்லை, கீபோர்டும் இல்லை. முன்பக்கத்து ஸ்விட்சுகளை ஒவ்வொன்றாகத் தட்டித்தான் புரோகிராமை ஏற்ற வேண்டும். ஏற்றிவிட்டுப் பக்கத்தில் ஒரு ரேடியோவை வைத்தார். புரோகிராம் ஓட ஓட, பீட்டில்ஸ் குழுவின் பாட்டு ஒன்று ரேடியோவில் கேட்டது!

டாம்பியருக்குப் பாட்டாக வந்தது எனக்குத் தொல்லையாக வந்தது.

மாமா கேட்ட கேள்வி

என் மாமா போர்ட் பிளேயரில் 26 ஆண்டுகள் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்று மயிலாடுதுறைக்கு வந்த பிறகும் பேச்செல்லாம் அந்தமானைப் பற்றித்தான். 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது ஐந்து நாள் அவரைப் பற்றித் தகவலே இல்லை. எங்கள் வீட்டில் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. அப்போது தற்செயலாகப் போர்ட் பிளேயரில் தங்கியிருந்த ஒரு ஹாம் ரேடியோ குழுதான், டெலிபோன் செயலிழந்த தீவுகளிலிருந்து மக்களின் செய்திகளை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. மாமா பிழைத்திருக்கிறார் என்ற செய்தி எங்களுக்கு வேறு வழியில் வந்தது என்றாலும், ரேடியோ மேல் அவருக்கு ஒரு மரியாதை அன்றிலிருந்து உண்டு.

2019 பிப்ரவரியில் ஒருநாள் கேட்டார். "அங்கேர்ந்து ராத்திரியில சென்னை ஸ்டேஷன் கேப்போம். இங்கேர்ந்து போர்ட் பிளேயர் கேக்குமா மாப்பிள்ளை?"

போர்ட் பிளேயர் வானொலியின் மீடியம் வேவ் அலைவரிசை 684 கிலோஹெர்ட்ஸ், சக்தி 100 கிலோவாட். (ஊரின் பெயர் 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறிவிட்டது. மாமா இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்.) என்னிடம் இருந்தது டெக்சன் பி.எல்.380 என்ற கையடக்க ரேடியோ. வீட்டில் 684-ஐ வைத்தால் கம்ப்யூட்டரின் இரைச்சல். கம்ப்யூட்டரை அணைத்தால் பக்கத்து வீட்டு இன்வெர்ட்டரின் இரைச்சல். மொட்டை மாடிக்குப் போனால் தெரு விளக்கு. சரி, கடலுக்கே போய்விடுவோம் என்று தரங்கம்பாடிக்குக் கிளம்பினேன்.

கடல் என்ன செய்கிறது?

கடற்கரையில் இரண்டு லாபம். ஒன்று, வீடுகளின் இரைச்சல் இல்லை. இன்னொன்றுதான் பெரியது. கடல்நீர் உப்புநீர். மின்சாரத்தை மண்ணைவிடப் பல நூறு மடங்கு நன்றாகக் கடத்தும். மீடியம் வேவ் அலை நிலத்தின் மேல் ஊர்ந்து வரும்போது மண் அதன் சக்தியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடுகிறது. கடல் அவ்வளவு தின்பதில்லை.

வானத்தில் பட்டுத் திரும்பி வரும் அலைக்கும் இது பொருந்தும். மிகத் தொலைவிலிருந்து வருகிற அலை, கிட்டத்தட்டத் தொடுவானத்தை உரசியபடி தாழ்வாக வரும். உள்ளூரில் அந்தத் தாழ்ந்த கோணத்து அலை வலுவிழந்து போகும். கடலோரத்தில் அது அப்படியே வந்து சேருகிறது. இந்த லாபம் நீர் ஓரத்தில்தான் முழுசாக உண்டு. கரையை விட்டு உள்ளே வர வரக் குறைந்துகொண்டே போகும்.

முதல் நாள் இரவு எட்டு மணிக்குப் போனேன். 684 நன்றாகவே கேட்டது. ஆனால் கேட்டது மலையாளம். கோழிக்கோடு வானொலிக்கும் அதே 684, அதே 100 கிலோவாட்!

இங்கே ரேடியோவின் உள்ளே ஒரு நிமிடம் எட்டிப் பார்க்க வேண்டும். மீடியம் வேவ் கேட்கும்போது நாம் இழுத்து நீட்டுகிற கம்பி ஏரியலுக்கு வேலை இல்லை. (நானே பல வருடம் இழுத்துக்கொண்டிருந்தேன்.) உள்ளே படுத்திருக்கும் கறுப்பு ஃபெரைட் தண்டும், அதைச் சுற்றிய கம்பிச் சுருளும்தான் ஏரியல். தண்டின் பக்கவாட்டில் வரும் அலையை அது நன்றாகப் பிடிக்கும். தண்டின் முனை பார்க்கும் திசையிலிருந்து வரும் அலை ஏறத்தாழக் காணாமல் போகும். ஆகவே ரேடியோவைத் திருப்பித் திருப்பி, வேண்டாத நிலையத்தை அமுக்கிவிடலாம்.

ஆனால் என் விஷயத்தில் அது பலிக்கவில்லை. மேப்பைப் பாருங்கள். கோழிக்கோடு, தரங்கம்பாடி, போர்ட் பிளேயர் மூன்றும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் இருக்கின்றன. மேற்கே நானூறு கிலோமீட்டருக்கு மேல் கோழிக்கோடு. கிழக்கே சுமார் 1,400 கிலோமீட்டரில் போர்ட் பிளேயர். ஃபெரைட் தண்டுக்கு முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றுதான். ஒன்றை அமுக்கினால் மற்றதும் அமுங்குகிறது.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் சூரிய அஸ்தமன நேரங்களைத் தேடினேன். விடை அங்கே இருந்தது.

பகலில் வானத்தில் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் டி அடுக்கு என்று ஒன்று இருக்கும். சூரிய ஒளியால் உண்டாவது. மேலே போகும் மீடியம் வேவ் அலையை அது விழுங்கிவிடும். சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கரைந்துபோக, அலைகள் அதற்கு மேலேயுள்ள அடுக்குகளில் பட்டுத் தொலைதூரத்தில் வந்து விழும். இரவில் மட்டும் வெளியூர் நிலையங்கள் கேட்பதற்குக் காரணம் இதுதான். நம் நாட்டுக்குக் கடிகாரம் ஒன்றே என்றாலும் சூரியன் ஒன்றுபோல் மறைவதில்லை. பிப்ரவரி நடுவில் போர்ட் பிளேயரில் ஐந்தரைக்கு முன்பே இருட்டத் தொடங்கும். தரங்கம்பாடியில் ஆறேகால் ஆகும். கோழிக்கோட்டில் ஆறரை தாண்டும். அதாவது, நம் கடற்கரையில் அந்தி சாயும் நேரத்தில் கிழக்கே கடல் முழுதும் இருட்டு. மேற்கே இன்னும் வெளிச்சம். கோழிக்கோட்டின் அலை அப்போது டி அடுக்கின் வாயில்!

மறுநாள் ஆறு மணிக்கே போய், நீர் ஓரத்தில் உட்கார்ந்து, ரேடியோவின் முகத்தைக் கடலுக்குக் காட்டி வைத்தேன். ஆறு பத்துக்கு ஒன்றும் இல்லை. ஆறு இருபதுக்கு ஒரு இந்திப் பாட்டு, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல. மெல்ல மேலே வந்தது, இறங்கியது, மறுபடி வந்தது. பிறகு ஒரு பெண் குரல். செல்போனில் பதிவு செய்துகொண்டே இருந்தேன். ஏழு மணிக்கு முன்பே மலையாளம் அடியிலிருந்து ஏறி வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. எனக்குக் கிடைத்தது அரை மணி நேரம்கூட இல்லை.

பதிவைக் கம்ப்யூட்டரில் போட்டு, ஆடாசிட்டி என்ற இலவச சாஃப்ட்வேரில் திறந்தேன். 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே, 2,500-க்கு மேலே உள்ளதை வெட்டிவிட்டு ஒலியைக் கூட்டினால் அந்தப் பெண் குரலில் 'போர்ட் பிளேயர்' என்ற இரண்டு சொல் மட்டும் தெளிவாக வந்தது. மாமாவை உட்கார வைத்துப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு மூன்று முறை கேட்டார். "இது எங்க ஸ்டேஷன்தான். கடையில் டீ குடிச்சிக்கிட்டே கேக்கறாப்ல இருக்கு" என்றார். அப்புறம் அதை ஒரு சி.டி.யில் போட்டுத் தரச் சொன்னார்.

பசிபிக் கரையில்

இதையே பெரிய விளையாட்டாக ஆக்கியவர்கள் அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கிறார்கள். முன்பெல்லாம் அங்கே கடற்கரையில் நூற்றுக்கணக்கான மீட்டர் வயரை விரித்து, பெரிய ரிசீவர்களோடு உட்காருவார்கள். 2007-ன் இறுதியில் சிலர், சோனி எஸ்.ஆர்.எஃப்.59 என்ற சட்டைப்பை ரேடியோவில் அதே வேலையைச் செய்து பார்த்தார்கள். கேட்டது. இந்தப் பொழுதுபோக்குக்கு 'அல்ட்ராலைட்' என்று பெயரும் வந்தது.

அவர்களுக்கு இரண்டு வசதி. அமெரிக்காவில் நிலையங்களுக்கு இடையே 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி. ஆசியாவிலும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலும் 9. ஜப்பானின் அகிட்டா நிலையம் 774-ல், 500 கிலோவாட்டில் ஒலிபரப்பிய ஆண்டுகளில், அமெரிக்காவின் 770-க்கும் 780-க்கும் நடுவே உள்ள சந்தில் அது வந்து உட்காரும். இரண்டாவது, நேரம். அவர்களுக்குக் கடல் மேற்கே இருப்பதால் விடியற்காலைதான் நல்ல பொழுது. கிழக்கே சூரியன் ஏறி அமெரிக்க நிலையங்களை அமுக்கும்போது பசிபிக் இன்னும் இருட்டில் இருக்கும். ஓரிகன் மாநிலக் கரையில் கோடை விடியலில் நிற்பவர்களுக்குச் சுமார் 11,000 கிலோமீட்டர் தாண்டி நியூசிலாந்து கேட்கிறது. அவர்களுக்கு விடியல் எப்படியோ, கிழக்குக் கடற்கரைக்காரர்களான நமக்கு அந்தி அப்படி. நமக்கு அந்த 'சந்து' வசதி கிடையாது. சுற்றிலும் எல்லோரும் 9-ல்தான். அதனால் நமக்கு நேரமும் திசையும் இன்னும் முக்கியம்.

உங்களுக்கு என்ன தேவை?

விலை உயர்ந்தது எதுவும் தேவையில்லை. டிஜிட்டலாக எண்ணைக் காட்டும், 1 கிலோஹெர்ட்ஸ் படியில் நகரும் ரேடியோ போதும். பி.எல்.380-க்குள் இருப்பது சிலிக்கான் லேப்ஸ் தயாரித்த எஸ்.ஐ.4734 என்ற சிப். வந்த அலையை எண்களாக்கி, கணக்குப் போட்டுத்தான் நிலையத்தைப் பிரிக்கிறது. அதுவும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர்தான் என்று சொல்லலாம். பேண்ட்விட்த்தை 6-லிருந்து 1 கிலோஹெர்ட்ஸ் வரை குறைக்கலாம். பேச்சுக்கு 2 அல்லது 3 சரியாக இருக்கும். ஹெட்போன் அவசியம். அலைச் சத்தத்தில் ஸ்பீக்கர் எடுபடாது.

கம்ப்யூட்டரோடு இணைத்துக் கேட்கும் எஸ்.டி.ஆர். கருவிகளும் உண்டு. 2012-ல் டி.வி. பார்ப்பதற்கான மலிவான யு.எஸ்.பி. குச்சி ஒன்றை ரேடியோவாக மாற்றும் வித்தை பரவியது. ஆனால் அந்தச் சாதாரணக் குச்சிகள் 24 மெகாஹெர்ட்ஸுக்கு மேல்தான் கேட்கும். மீடியம் வேவுக்குத் தனி கன்வெர்ட்டர் வேண்டும் என்பதை வாங்குவதற்கு முன் கவனியுங்கள். நல்ல எஸ்.டி.ஆர். என்றால் மீடியம் வேவ் முழுவதையும் மொத்தமாக ஹார்ட் டிஸ்கில் பதிந்துகொண்டு, வீட்டில் நிதானமாக ஒவ்வொரு நிலையமாகக் கேட்கலாம். ஒரு மணி நேரப் பதிவுக்கு ஏறக்குறைய 29 ஜி.பி. போய்விடும். லேப்டாப்பைக் கடற்கரையில் பேட்டரியில் மட்டும் ஓட்டுங்கள். சார்ஜரைச் செருகினால் வீட்டு இரைச்சல் கூடவே வந்துவிடும்.

புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுவல்ல. கிவி எஸ்.டி.ஆர். என்ற பெயரில் உலகம் முழுக்கப் பலர் தங்கள் ரிசீவர்களை இன்டர்நெட்டில் திறந்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் கரையில் கேட்டது எந்த நிலையம் என்று சந்தேகமா? அந்த நாட்டுக்குப் பக்கத்தில் உள்ள ரிசீவரைத் திறந்து அதே அலைவரிசையை வையுங்கள். இரண்டிலும் ஒரே பாட்டு ஓடினால் சந்தேகம் தீர்ந்தது. கேட்டதையெல்லாம் எக்ஸெலில் தேதி, நேரம், அலைவரிசை, மொழி என்று எழுதி வையுங்கள். நேரத்தை யு.டி.சி.யில் எழுதுவது வழக்கம். நம் நேரத்தில் ஐந்தரை மணி கழித்தால் கிடைக்கும்.

ஒத்திப் போடாதீர்கள். பி.பி.சி. தமிழோசை ரேடியோவில் 2017 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு நின்றது. ஜப்பானின் என்.எச்.கே. தன் இரண்டாவது வானொலியை 2026 மார்ச் இறுதியோடு முடித்துக்கொள்வதாக அறிவித்தது. மேலே சொன்ன அகிட்டா 774 அந்தச் சேவைதான். நம் ஆகாசவாணியும் மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டர்கள் பலவற்றை நிறுத்திவிட்டது. கிளம்பும் முன் எந்த நிலையம் ஓடுகிறது என்று இன்டர்நெட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வீடு திரும்பியதும் ரேடியோவை உலர்ந்த துணியால் துடைத்து, பேட்டரியைக் கழற்றி வையுங்கள். உப்புக் காற்றில் என் ரேடியோவின் பேட்டரி ஸ்பிரிங் ஒன்று பச்சை பிடித்துவிட்டது. இப்போதெல்லாம் அதை பிளாஸ்டிக் பையில் போட்டு, பைக்குள்ளேயே ட்யூன் செய்கிறேன்.