ஆழ்வெடிக்குத் தப்புவது எப்படி?

1971 டிசம்பர் 9 இரவு, டையூ அருகே ஐ.என்.எஸ். குக்ரி போர்க்கப்பலை மூழ்கடித்த பாகிஸ்தான் நீர்மூழ்கி ஹங்கோரை நம் கடற்படை நாள்கணக்கில் தேடி ஆழ்வெடிகளை வீசியது. குக்ரியுடன் 190க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஹங்கோரோ கராச்சி திரும்பியது. மாலுமிகளின் துணிச்சல் பாதிக் காரணம்தான். மீதி, தண்ணீரின் இயல்பு. ஆழ்வெடி நீர்மூழ்கியைத் தொட வேண்டியதில்லை. குறித்த ஆழத்தில் வெடித்து நீர் வழியே அதிர்ச்சி அலையை அனுப்பும். தூரம் கூடக்கூட அந்த அழுத்தம் சடசடவெனக் குறைவதால், எஃகு உடலைப் பிளக்கச் சில மீட்டர் நெருக்கம் வேண்டும். இரண்டாம் உலகப்போர்க் கால ஆழ்வெடி நொடிக்கு ஏறக்குறைய 3 மீட்டர் இறங்கியது. அப்படியானால் 100 மீட்டருக்கு அரை நிமிடம். அதற்குள் நீர்மூழ்கி திசை மாறிவிடலாம். மேலே வெதுவெதுப்பான நீர், கீழே குளிர்நீர் என்ற அடுக்குகளும் ஒலியை வளைத்து, ஒலியால் தேடும் சோனார் கருவியை ஏமாற்றும்.

அப்படியானால் ஆழ்வெடி வீணா? இல்லை. 1944 பிப்ரவரியில் ஜப்பானின் ஆர்.ஓ.110 நீர்மூழ்கியை வங்கக்கடலில் மூழ்கடித்த கப்பல்களில் நம் ஜம்னாவும் ஒன்று. குறி தப்பினாலும் ஆழ்வெடி நீர்மூழ்கியை மேலே வரவிடாது. மின்விசிறிகூடச் சுழலாத அமைதியில் மாலுமிகள் அசையாமல் கிடக்க, பேட்டரி தீரும், கரியமிலவாயு ஏறும். டீசல் நீர்மூழ்கியை இறுதியில் இந்தக் காத்திருப்பே வெல்வதும் உண்டு.