பிள்ளையோடு நாமும் – 11: பெடலைக் கழற்றுங்கள், முட்டியை மடக்குங்கள்

இரண்டு சக்கரத்தால் சோறு தின்கிற மாவட்டம் நம்முடையது. 1980இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 மொபெட் வெளிவந்தது. இன்று போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா மின்ஸ்கூட்டர் தயாராகிறது. இடையில் இருக்கும் காவேரிப்பட்டினத்தில் மூன்று வயதுப் பிள்ளைக்கு இரண்டு சக்கரம் என்றால், அப்பாவின் எக்ஸ்எல்லில் முன்னால் நின்றுகொண்டு போகும் சவாரிதான். வண்டியில் ஏற்றிப் போகத் தெரிந்த நமக்கு, பிள்ளையை ஓட்டவைக்கத் தெரியவில்லை.

இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. நமக்கு யாரும் சொல்லித்தரவில்லையே! மணிக் கணக்கில் வாடகை சைக்கிள் எடுத்து, சீட்டு எட்டாமல், பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்கு பெடல் போட்டு, முட்டியைச் சிராய்த்துக்கொண்டு நாமே கற்றோம். அப்போது நமக்கு எட்டு, பத்து வயது. இன்று இரண்டு மூன்று வயதிலேயே சின்ன சைக்கிள் வீட்டுக்கு வந்துவிடுகிறது. கூடவே சைடு வீலும் வருகிறது.

அந்த சைடு வீல்தான் முதல் தடை. சைக்கிள் சாயும் பக்கமே ஹேண்டில்பாரைத் திருப்பினால், சக்கரம் உடலுக்கு அடியில் வந்து வண்டி நிமிர்கிறது. பேலன்ஸ் என்பது இவ்வளவுதான். சைடு வீல் வண்டியைச் சாயவே விடாது. ஆகவே பிள்ளை பெடல் மிதிக்கப் பழகும். விழாமல் இருக்கப் பழகாது. 1817இல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் வான் டிரைஸ் ஓட்டிக் காட்டிய வண்டிக்குப் பெடலே கிடையாது. தரையைக் காலால் உந்தியே போனார். பெடல் வந்தது 1860களில். பிள்ளையும் அதே வரிசையில் கற்கட்டும்.

சைடு வீலோடு பெடல்களையும் கழற்றுங்கள். வலது பெடல் வழக்கம்போல் இடப்பக்கம் சுற்றினால் கழலும். இடது பெடலின் மரை தலைகீழ். வலப்பக்கம் சுற்ற வேண்டும். இது தெரியாமல் ஸ்பேனரோடு மல்லுக்கட்டுபவர்கள் உண்டு. சீட்டை இறக்கி, இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் படியும்படி வையுங்கள். பிள்ளை முதலில் நடக்கும், பிறகு ஓடும், ஒருநாள் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு வழுக்கிப் போகும். அன்றைக்குப் பெடலை மாட்டினால் போதும். அதற்குள் கைக்கு எட்டினால் பிரேக்கையும் பழக்கிவிடுங்கள். ஹெல்மெட் கட்டாயம். நெடுஞ்சாலை ஓரம் வேண்டாம். தென்பெண்ணை மணலும் வேண்டாம், சக்கரம் புதையும். சிமெண்ட் பூசிய களமோ பள்ளிக்கூட மைதானமோ தோதான இடம்.

இனி உங்கள் முதுகுக்கு வருவோம். இரண்டு வயதில் ஆண்பிள்ளையின் எடை சுமார் 12 கிலோ, மூன்று வயதில் 14 கிலோ என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணை. சீட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்தே ஓடினால் அந்தப் பாரமெல்லாம் கீழ்முதுகில் இறங்கும். ஷிஃப்ட் முழுக்க நின்றுவிட்டு வந்த இடுப்பு அதைத் தாங்காது. சைக்கிளைப் பிடிக்காதீர்கள், பிள்ளையின் அக்குளை லேசாகப் பிடியுங்கள். வண்டி அதன் போக்கில் சாயட்டும், நிமிரட்டும். தூக்கும்போது முட்டியை மடக்கி, பிள்ளையை நெஞ்சோடு அணைத்து, தொடை பலத்தில் எழுந்திருங்கள்.

அந்தத் தொடை பலம் எங்கே போனது? ஆட்டுக்கல்லும் கிணற்றடியும் குத்துக்காலிட்டு உட்காரும் பழக்கமும் நம் பாட்டிகளுக்குத் தினமும் கொடுத்ததை, மிக்சியும் குழாயும் நாற்காலியும் வாங்கிக்கொண்டன. அம்மிக்குத் திரும்ப வேண்டியதில்லை. பிள்ளையாருக்குப் போடும் தோப்புக்கரணத்தை நிதானமாக, முழுதாக உட்கார்ந்து எழுந்து போடுங்கள். சுவரில் கையூன்றித் தண்டால் எடுங்கள். பெரியவர்கள் வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை தர வேண்டும் என்கிறது அதே நிறுவனம். ஒரு வயது முதல் நான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நாளுக்கு மூன்று மணி நேர ஓட்டமும் ஆட்டமும் வேண்டும் என்கிறது. இரண்டையும் ஒரே களத்தில் முடிக்கலாம். சிசேரியன் ஆனவர்களும் முதுகுவலிக்காரர்களும் மருத்துவரைக் கேட்டபின் தொடங்குங்கள்.

அம்மாக்களுக்குத் தனியாக ஒன்று. 1991இல் புதுக்கோட்டையில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின் வழியே ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். பிறகு 11ஆம் வகுப்பில் அரசே இலவச சைக்கிள் கொடுத்தது. இன்று மூன்று வயதுப் பிள்ளை வைத்திருக்கும் அம்மாக்களில் பலர் அதை மிதித்துப் பள்ளிக்கூடம் போனவர்கள். “சைக்கிளா, அவங்க அப்பா வரட்டும்” என்று பிள்ளையைக் காக்கவைக்காதீர்கள். ஓட்டத் தெரிந்த ஆள் வீட்டில் நீங்கள்தான். இந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்பேனரை நீங்களே எடுங்கள்.

(அடுத்த வாரம்: தூக்கச் சொல்லி அழும் பிள்ளையை நடக்கவைப்பது எப்படி?)