முத்துக்குளித்துறைத் திருமணங்களில் ஏற்பாட்டுப் பொறுப்பு: உறவும் ஒப்பந்தமும்

ஆய்வுச் சுருக்கம்

திருமண ஏற்பாடுகளை உறவினரே நடத்துவதா, கட்டணம் பெறும் திருமண ஏற்பாட்டாளரிடம் ஒப்படைப்பதா என்னும் வினா தூத்துக்குடிக் கடற்கரைக் குடும்பங்கள் பலவற்றின் முன் நிற்கிறது. இதனைச் செலவு பற்றிய வினாவாக மட்டும் காண்பது போதாது. திருமணப் பணிகளுள் கைம்மாற்றத்தக்கவை எவை, கைம்மாற்ற இயலாதவை எவை என்பதை இலக்கியம், வட்டார வழக்கு, சட்டம் ஆகியவற்றின் துணைகொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: திருமணம், கரணம், மொய், முத்துக்குளித்துறை, ஒப்பந்தம்.

முன்னுரை

ஒரு பணியைத் தானே செய்வதா, விலைகொடுத்துப் பெறுவதா என்னும் சிக்கலை ரொனால்டு கோஸ் 1937-இல் பொருளியல் நோக்கில் ஆராய்ந்தார். சந்தையில் ஆளைத் தேடுதல், பேரம் பேசுதல், ஒப்பந்தத்தைக் கண்காணித்தல் ஆகியவற்றுக்கும் செலவு உண்டு என்பது அவர் கருத்தின் சாரம். தொழில் நிறுவனங்களை நோக்கி எழுந்த இக்கருத்து கலியாண வீட்டுக்கும் பொருந்தும். எனினும் உறவினர் உழைப்புக்குக் கூலி இல்லை; அதற்கு ஈடாக நிற்பது திருப்பிச் செய்யும் கடப்பாடு. கொடையைப் பற்றி 1925-இல் எழுதிய மார்செல் மோஸ், கொடுத்தல், ஏற்றல், திருப்பித் தருதல் என்னும் மூன்று கடமைகளைச் சுட்டினார். தென்மாவட்டங்களில் எழுதிவைக்கப்படும் மொய்க் கணக்கு இம்மூன்றுக்கும் சான்றாகும்.

இலக்கியச் சான்றுகள்

தொல்காப்பியம் கற்பினைக் கரணத்தோடு இணைத்து, கொடுத்தற்குரியோர் கொடுப்பக் கொள்ளுதலாக வரையறுக்கிறது. கொடுப்போர் இன்றியும் கரணம் நிகழ்வதுண்டு என்று அந்நூலே ஒப்புகிறது. ஆயினும் கொடுப்போரின் இடத்தில் வேறொருவரை அமர்த்துவது பற்றி அது பேசவில்லை.

அகநானூற்றின் 86-ஆம் பாடல் ஒரு திருமணத்தின் பணிப்பகிர்வைக் காட்டுகிறது. பந்தலிட்டு மணல் பரப்பி விளக்கேற்றிய வீட்டில் உழுந்து கலந்த உணவு வழங்கப்படுகிறது. முதுபெண்டிர் நீர்க்குடம் முதலியவற்றைக் கொண்டுவருகின்றனர். மக்களைப் பெற்ற மகளிர் நால்வர் மணமகளை நீராட்டி வாழ்த்துகின்றனர். பந்தலிடுதலை எவரும் செய்யலாம். நீராட்டும் உரிமையோ மகப்பேறு என்னும் தகுதியால் வருவது. சிலப்பதிகாரத்தில் புகார் நகர வணிகர் இல்லத் திருமணச் செய்தியை, யானைமேல் அமர்த்தப்பட்ட மகளிர் நகருக்கு அறிவிக்கின்றனர். திருமணத்தை முடிவு செய்வோர் இருவரின் பெற்றோரே. அறிவிக்கும் பணி பிறரிடம் ஒப்படைக்கப்படுகிறது. எனவே பணிகளைப் பிறர்வழிச் செய்தல் புதிதன்று.

கடற்கரை வழக்கு

முத்துக்குளிக்கும்போது கடலடியில் உள்ளவரின் கயிற்றை மைத்துனரே பிடிப்பார் என்னும் செய்தி இக்கடற்கரையில் வாய்மொழியாக வழங்குகிறது. உடன்பிறந்தாளின் தாலியைக் காப்பதில் அவருக்கே மிகுந்த அக்கறை உண்டு என்பது அதன் விளக்கம். திருமண உறவு உயிருக்குப் பிணையாகக் கருதப்பட்டதை இது உணர்த்தும். 1961-உடன் பெரிய அளவிலான முத்துக்குளிப்பு நின்றது. தூத்துக்குடி 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. தொழில் மாற உறவினரின் இருப்பிடமும் மாறியது. கப்பல் பணியிலும் வெளிநாட்டிலும் இருப்போர் குறுகிய விடுப்பில் வந்து திரும்புகின்றனர். கயிறு பிடிக்க வேண்டியவர் ஊரில் இல்லாதபோது ஏற்பாட்டாளரின் தேவை பிறக்கிறது.

நாள் தேர்வும் நெருக்கடியைக் கூட்டுகிறது. இந்துக் குடும்பங்கள் ஆடி, மார்கழி மாதங்களையும், கத்தோலிக்கர் தவக்காலத்தையும் பொதுவாகத் தவிர்ப்பர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளர் கரையில் இருப்பர்; ஆனால் வருவாய் இராது. ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை பனிமய மாதா திருவிழா நகரை நிறைக்கும். எஞ்சிய நாள்களில் மண்டபம், தவசிப்பிள்ளை, பந்தல்காரர் ஆகியோருக்குப் போட்டி மிகும். இவர்களோடு இடைவிடாத தொடர்புடைய ஏற்பாட்டாளர் இங்குப் பயன்படுகிறார்.

கைம்மாற்றத்தக்கனவும் இயலாதனவும்

மண்டபம் பேசுதல், பந்தல், ஒலி ஒளி அமைப்பு, போக்குவரத்து, பந்தி, பொருள்களைத் திருப்பி ஒப்படைத்தல் ஆகியன கைம்மாற்றத்தக்கவை. இவற்றின் சுமை நடைமுறையில் வீட்டுப் பெண்கள்மீதே மிகுதியாக விழுகிறது. அவர்தம் ஊதியமற்ற உழைப்பைக் கணக்கில் கொள்ளாமல், ‘உறவினர் செய்தால் செலவில்லை’ என்பது பிழையான கணக்காகும்.

தாய்மாமன் சீர், நேரில் சென்று அழைத்தல், பந்தியில் உபசரித்தல், மொய்க் கணக்கு ஆகியன கைம்மாற்ற இயலாதவை. யாரை முதலில் அழைப்பது, மனத்தாங்கல் உள்ளவரை எவரைக் கொண்டு அழைப்பது என்பன குடும்ப வரலாற்றை அறிந்தோர்க்கே விளங்கும். வேலை ஒப்படைக்கப்படாத உறவினர் வெறும் விருந்தினராகிவிடுவர். அடுத்த திருமணத்தில் உழைக்கும் கடப்பாடும் அவர்க்குத் தளரும். ஏற்பாட்டாளரை அமர்த்துவதன் மறைவிலை இதுவே.

சமய, சட்டக் கடமைகளும் இவ்வகையின. கத்தோலிக்கத் திருமணத்தில் முன்னறிவிப்பாக ஓலை வாசித்தலை 1563-இல் திரெந்து பொதுச்சங்கம் வலியுறுத்தியது. பங்குக்குருவும் இரு சாட்சிகளும் முன்னிற்றல் இன்றும் தேவை. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009, திருமணத்தை 90 நாள்களுக்குள் பதிவு செய்யப் பணிக்கிறது. ஏற்பாட்டாளர் ஆவணங்களைத் திரட்டித் தரலாம், பொறுப்பு மணமக்களுடையதே.

ஒப்பந்தத்தின் தன்மை

உறவினர் தவறினால் மனத்தாங்கல். ஏற்பாட்டாளர் தவறினால் வழக்கு. கட்டணம் பெற்றுச் செய்யும் பணி, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி சேவையாகும். குறைபாடு நேர்ந்தால் இரண்டு ஆண்டுகளுக்குள், முறையீட்டாளர் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே முறையிடலாம். ஆனால் வாய்மொழிப் பேச்சை மெய்ப்பித்தல் அரிது. பணிப் பட்டியல், தவணை, நாள் மாற்றத்தின் விளைவு ஆகியன எழுத்தில் இருத்தல் வேண்டும். இழப்பீட்டுத் தொகை ஒப்பந்தத்தில் குறிக்கப்பட்டிருந்தாலும், 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 74, அதனை உச்சவரம்பாகவே கொள்கிறது. அதற்கு மேற்படாத நியாயமான தொகையே கிடைக்கும். ஏற்பாட்டாளர் குடும்பத்திடம் கட்டணமும் பந்தல்காரர் முதலியோரிடம் தரகும் ஒருங்கே பெற்றால், அவர் யாருடைய நலனைக் காக்கிறார் என்னும் ஐயம் எழும். இதனை முன்னரே கேட்டறிதல் தேவை.

முடிவுரை

ஊரிலேயே இருந்து உழைக்கும் உறவினர் உள்ள குடும்பம், தவசிப்பிள்ளை, பந்தல்காரர் ஆகியோரிடம் தனித்தனியே பேசுவதே போதும். பொறுப்பேற்போர் தொலைவில் இருந்தாலோ, நாள் குறுகியிருந்தாலோ, சுமை ஓரிரு பெண்கள்மீது விழுவதாயினோ ஏற்பாட்டாளரை அமர்த்துதல் தகும். அவ்வாறு அமர்த்தினும் அழைப்பு, சீர், உபசரிப்பு, மொய் ஆகிய நான்கையும் குடும்பம் தன்னிடமே வைத்துக்கொள்ளுதல் வேண்டும். பந்தலை வாடகைக்குப் பெறலாம். கொடுத்தற்குரியோரைப் பெற இயலாது.