புத்தளக் கரையும் புவியியற் பாடமும்

நிலம் அசையாதது என்பதே சிறுவர் எண்ணம். ஐந்தாம் வகுப்பு மாணாக்கனுக்கு வயது பத்து. அந்தப் பத்தாண்டிலே அவன் வீட்டுக்குப் பின்னுள்ள மேடு அவன் அறிய மாறியதில்லை. காற்றும் நீரும் அலையும் நிலத்தைத் தேய்த்தும் சேர்த்தும் உருமாற்றுகின்றன என்று நூலில் உள்ளபடி சொன்னால், அவன் அதனை மனனஞ் செய்வான், நம்பமாட்டான். இந்தத் தடையை நீக்குவதற்கு இலங்கையின் புத்தளம் மாவட்டக் கரையோரத்தைப் போல வாய்ப்பான இடங்கள் மிகச் சிலவே.

வகுப்பறைச் சோதனைகள் பயனற்றவை அல்ல. மூடியுள்ள தகரப் பேணியொன்றிற் கற்கண்டுக் கட்டிகளை இட்டுப் பிள்ளைகள் மாறி மாறிக் குலுக்கினால், கட்டிகளின் முனை மழுங்குவதையும் அடியிலே தூள் சேர்வதையும் அவர்களே காண்பர். ஆற்றுக் கல் உருண்டையானதும் அவ்வாறே. ஆயினும் இதில் ஓர் இடர் உண்டு. ஐந்து நிமிடத்தில் முடிந்த காரியத்தைக் கண்ட பிள்ளை, நிலமும் அவ்வளவு விரைவில் மாறுமென்று கருதிவிடும். தேய்வு விளங்கிவிட்டது, காலம் விளங்கவில்லை. பாடத்தின் கடினமான பகுதி இதுவே; ஆசிரியர் பலர் விரைந்து கடந்துவிடுவதும் இதனையே.

காலத்தைக் காலடியால் அளக்கலாம். ஒரு காலடி ஆயிரம் ஆண்டு என்று வைத்துக்கொண்டு, வகுப்பறைச் சுவரிலிருந்து பிள்ளைகள் நடக்கட்டும். ஒல்லாந்தர் கற்பிட்டிக் கோட்டையை 1667 முதல் 1676 வரை கட்டினர். அது முதற் காலடியின் மூன்றிலொரு பங்கைச் சற்றுத் தாண்டியதும் வந்துவிடும். கடல் ஏறத்தாழ இன்றைய மட்டத்துக்கு வந்தது ஆறேழு காலடியில். இருபதாவது காலடியிற் பனியூழியின் உச்சம். உலக நீரில் ஒரு பகுதி பனிப்பாளமாய் உறைந்து நிலத்தின்மீது கிடந்தமையால், கடல்மட்டம் இன்றையிலும் ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. இன்று புத்தளம் களப்பு உள்ள இடம் அன்று உலர்நிலம். இலங்கையும் இந்தியாவும் தொடர்ந்த ஒரே நிலம். இவையெல்லாம் பாடசாலை முற்றத்துக்குள் அடங்கிவிடும்.

அருவக்காட்டுச் சுண்ணாம்புக்கல்லின் காலத்தை எட்டுவதற்கோ, ஐயாயிரம் காலடிக்கும் மேல் நடக்கவேண்டும். சிறுபிள்ளையின் நடைக்கும் அது இரண்டு கிலோமீற்றருக்குக் குறையாது. புத்தளத்துக்கு வடக்கே வண்ணாத்திவில்லுப் பகுதியிற் சீமெந்துக்காக வெட்டப்பட்ட குழிகளின் பக்கங்களிலே, மேலே செம்மண்ணும் கீழே வெளிறிய சுண்ணாம்புக்கல்லும் தெரியும். அக்கல் மயோசீன் காலத்தில் ஆழங்குறைந்த கடலடியிற் படிந்தது. சிப்பிகளும் சுறாவின் பற்களும் கடற்பசுவின் எலும்புகளும் அதனுள்ளே கல்லாகிக் கிடக்கின்றன. பிள்ளைகளைக் குழிக்கு அழைத்துச் செல்லுதல் ஆபத்தானது. சிப்பி பதிந்த கல்துண்டு ஒன்று வகுப்புக்கு வந்தாற் போதும். காட்டுக்குள்ளே கடற்சிப்பி எவ்வாறு வந்தது என்ற வினாவை அவர்களே எழுப்புவர்.

அழித்தல் மட்டுமன்று, ஆக்குதலும் கடலின் தொழில் என்பதற்குக் கற்பிட்டிக் குடாநாடு சான்று. மே முதல் செப்ரெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றினால் அலைகள் கரையைச் சாய்வாக மோதுகின்றன. ஏறும் அலை மணலைச் சாய்வாகத் தள்ளுகிறது. திரும்பும் நீர் அதனை நேராக இழுக்கிறது. இவ்வாறு மணல் சிறிது சிறிதாக வடக்கே நகர்கிறது. நீண்ட காலம் சேர்ந்த மணலே திடலாகிக் களப்பையும் வெளிக்கடலையும் பிரித்தது. களப்பின் பக்கத்திலோ கலா ஓயாவும் மீ ஓயாவும் கொண்டுவரும் சேற்றைக் கண்டல் மரங்களின் வேர்கள் பிடித்து வைக்கின்றன.

தெற்கே மாரவிலப் பகுதியிற் கதை வேறு. அங்குள்ள பிள்ளைக்கு மாற்றம் ஊழிக்கணக்கில் வரும் செய்தியன்று; வேர் வெளிப்பட்டுச் சாய்ந்த தென்னையும் கடல் கொண்ட வளவும் அவன் கண்டவை. கடல் சினந்தது என்று வீட்டிற் சொல்லக் கேட்டிருப்பான். மகா ஓயாவும் தெதுறு ஓயாவும் கடலுக்குக் கொண்டுசெல்லும் மணலே கரைக்கு உணவு. ஆற்றில் மணலை அளவின்றி அள்ளினால் அவ்வுணவு குறையும். 1981ஆம் ஆண்டிற் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. இப்பகுதியிற் கருங்கல் அணைகளும் இடப்பட்டுள்ளன. கடலுள் நீட்டிய அணையின் ஒரு பக்கத்தில் மணல் தங்கினால், மறுபக்கத்து ஊருக்கு அது சேராது. இதனைப் பிள்ளைகளுக்கு மறைக்க வேண்டியதில்லை. இருவேறு ஊர்ப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் இருந்தால் வழக்கும் எழும், எழட்டும்.

இறுதியாக வேண்டுவது அளவுநாடா. கரைக்கு அப்பால் உறுதியான கிணற்றுக்கட்டு ஒன்றைக் குறியாகக் கொண்டு, அங்கிருந்து அலைவிளிம்பு வரையுள்ள தூரத்தைத் தவணைக்கு ஒருமுறை அளந்து எழுதவேண்டும். பருவக்காற்றுக் காலத்திற் கடற்கரை ஒடுங்குவதும் பின்னர் அகலுவதும் இயல்பு. ஆதலால் ஓகஸ்ட் அளவை ஏப்ரல் அளவோடு ஒப்பிட்டுக் கரை அழிந்ததென்று முடிவு கட்டலாகாது. ஏப்ரலை மறு ஏப்ரலோடு ஒப்பிடவேண்டும். ஓராண்டு வகுப்புக்கு விடை கிடையாது. அவர்கள் எழுதிய குறிப்பேட்டை அடுத்த வகுப்பார் வாங்கித் தம் அளவை அதன்கீழ் எழுதுவர். கிணற்றுக்கட்டையே கடல் கொண்டுவிட்டால், கொண்ட நாளையும் அதிலேயே குறிப்பர்.