துணியின் மறுபக்கம்: ஒரு எம்பிராய்டரி கிட்டும் நாகர்கோவில் லேஸும்

போன மாதம் ஆன்லைனில் ஒரு எம்பிராய்டரி கிட் வாங்கினேன். மர வளையம் ஒன்று, நாலைந்து ஊசி, பல நிற நூல், பூவும் இலையும் அச்சடித்த வெள்ளைத் துணி. நாகர்கோவில் லேஸ் பற்றிக் கொஞ்ச நாளாகக் குறிப்பு சேர்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் வரும் தையல் பெயர்கள் எதுவும் மண்டையில் ஏறவில்லை. கையால் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுவோமே என்றுதான் வாங்கினேன்.

முதல் பாடம் நூலிலேயே வந்துவிட்டது. ஒரு கண்டு நூல் என்பது 6 இழை சேர்ந்தது. அப்படியே ஊசியில் கோர்த்தால் கயிறு மாதிரி இருக்கும்; 2 அல்லது 3 இழைதான் எடுக்க வேண்டும். அதையும் சேர்த்துப் பிடித்து இழுத்தால் சிக்கு விழும், ஒவ்வொன்றாக உருவ வேண்டும். நீளம் ஒரு முழம், நம்ம தோவாளையில் பூ அளக்கிற அதே முழம், போதும். அடிக்கடி கோர்க்க சோம்பல்பட்டு நான் இரண்டு முழம் வெட்டினேன். துணிக்குள் ஒவ்வொரு முறை போய்வரும்போதும் நூல் தேய்கிறது, முறுக்கேறுகிறது. பாதியிலேயே முடிச்சு.

ரன்னிங் ஸ்டிச்சில் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விட்டுவிட்டு ஓடும். பேக் ஸ்டிச்சில் ஊசி ஒரு அடி முன்னால் வந்து, முந்தின தையல் முடிந்த துளையிலேயே திரும்ப இறங்குகிறது. இடைவெளி இல்லாத கோடு கிடைக்கும். ஸ்டெம் ஸ்டிச்சில் ஊசி ஒரு அடி முன்னால் இறங்கி, பாதி தூரம் பின்னால் வந்து ஏற வேண்டும், நூல் எப்போதும் ஒரே பக்கம் ஒதுங்கியிருக்க வேண்டும். கயிறு முறுக்கின மாதிரி வரும். பூக்காம்புக்கு இதுதான்.

செயின் ஸ்டிச் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஊசி ஏறின துளையிலேயே இறங்கி, விட்டுவைத்த வளையத்துக்குள் அடுத்த அடியில் ஏறுகிறது. ஒவ்வொரு வளையத்தையும் அடுத்த வளையம்தான் பிடித்துவைத்திருக்கிறது. கடைசி வளையத்துக்கு மட்டும் பிடிக்க ஆளில்லை என்பதால் அதன் தலையில் சின்னதாக ஒரு தையல் போட்டுக் கட்ட வேண்டும். அந்தக் கட்டைப் பிரித்து இழுத்தால் மொத்தமும் சரசரவென்று வந்துவிடும். அரிசி மூட்டையைச் சரியான முனையில் பிடித்து இழுத்தால் ஒரே இழுப்பில் திறக்கிறதே, அதுவும் இதே தத்துவம்தான். தப்பான முனையைப் பிடித்தால் கத்தி தேடணும். லிங்க்டு லிஸ்ட் படித்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். ஒரே ஒரு வளையத்தைத் தனியாகப் போட்டுக் கட்டினால் லேசி டெய்சி, அதாவது ஒரு பூவிதழ். பிரெஞ்ச் நாட் பத்து போட்டேன், பத்தும் பின்பக்கம் ஓடிவிட்டது. ஏறின துளையிலேயே இறக்கக் கூடாது, ஒன்றிரண்டு நூல் தள்ளி இறக்க வேண்டும் என்று பிறகுதான் புரிந்தது.

இவ்வளவையும் பக்கத்து வீட்டு அத்தையிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் வளையத்தை வாங்கின உடனே திருப்பினார்.

"முன்பக்கம் கெடக்கட்டும் மக்கா. முடிச்சு எங்க போட்டிருக்க?"

ஏழு இடத்தில் போட்டிருந்தேன். ஒரு இலையிலிருந்து இன்னொரு இலைக்குப் பச்சை நூலைப் பின்னாலேயே இழுத்துப்போயிருந்தேன். வெள்ளைத் துணியில் அது முன்பக்கம் நிழலாகத் தெரிந்தது. முடிச்சே போடக் கூடாதாம். நுனியைப் பின்பக்கத் தையல்களுக்கு அடியில் மூன்று நான்கு முறை நுழைத்து வெட்ட வேண்டுமாம்.

அத்தை கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் பல வருஷம் மேஜை விரிப்பு, கைக்குட்டை என்று வீட்டிலிருந்தே தைத்துக் கொடுத்தவர். உருப்படிக் கணக்குதான் கூலி. வாங்குகிறவர் முதலில் மறுபக்கத்தைத்தான் பார்ப்பாராம். பின்பக்கம் சுத்தமில்லை என்றால் துணி திரும்பி வரும், காசு வராது. ராத்திரி விளக்கில் உட்கார்ந்து பிரித்துப் போட வேண்டும்.

அப்புறம்தான் என் துணியின் பின்பக்கத்தை ஒழுங்காகப் பார்த்தேன். பேக் ஸ்டிச்சின் பின்பக்கம் ஸ்டெம் ஸ்டிச் மாதிரி இருக்கிறது. ஸ்டெம் ஸ்டிச்சின் பின்பக்கம் அச்சு அசல் பேக் ஸ்டிச். செயின் ஸ்டிச்சுக்குப் பின்னாலும் வெறும் நேர்கோடுதான். பழைய துணி ஒன்றில் எந்தத் தையல், எந்தத் திசையில் போனது என்று கண்டுபிடிக்க இரண்டு பக்கமும் வேண்டும். போட்டோவை மட்டும் வைத்துக்கொண்டு நான் எழுதியிருந்த சில குறிப்புகளை அன்றே அழித்தேன்.

இந்த உருப்படிக் கூலி வேலையின் வேர் இருநூறு வருஷம் பழையது. லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் மனைவி மார்த்தா மால்ட்டும் 1819இல் நாகர்கோவில் வந்தார்கள். மார்த்தா நடத்திய பெண்கள் விடுதிப் பள்ளியில் 1821இல் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். லேஸ் வேறு, எம்பிராய்டரி வேறு. எம்பிராய்டரிக்குத் துணி முதலில் வேண்டும். லேஸில் நூலே துணியாகிறது. தலையணை மேல் படம் குத்திய அட்டை, அதில் குண்டூசிகள், குச்சிகளில் சுற்றிய நூல்கள். அடிப்படை அசைவு இரண்டேதான்: குறுக்கே மாற்றுவது, முறுக்குவது.

அந்தப் பிள்ளைகளில் சிலர் அடிமைகள். லேஸ் விற்ற காசில் தங்கள் விலையைக் கட்டி விடுதலை வாங்கினவர்கள் உண்டு என்று மிஷன் வரலாறுகள் சொல்கின்றன. திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது 1855இல்தான். அதே மிஷன் பெண்கள்தான் குப்பாயமும் தைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அதைப் போட்டதற்காக 1822லேயே கல்குளம், இரணியல் பக்கம் பெண்கள் தாக்கப்பட்டார்கள். தோள்சீலைக் கலகம் என்று நாம் படிப்பது இதைத்தான். அரசாணை வர 1859 ஆயிற்று. அதிலும் மேல்சாதிப் பெண்கள் உடுத்துவது மாதிரி உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது.

பிறகு லேஸோடு எம்பிராய்டரியும் சேர்ந்து, வீடு வீடாகப் பரவி, எங்கள் தெரு வரை வந்திருக்கிறது. நல்ல வேலை எல்லாம் வெளிநாட்டுக்குப் போனது. நீங்கள் தைத்தது ஏதாவது வீட்டில் இருக்கிறதா என்று அத்தையிடம் கேட்டேன். பெட்டியெல்லாம் தேடிப் பார்த்துவிட்டு, ஓரம் கிழிந்த ஒரு தலையணை உறையைக் கொண்டுவந்தார். ஒரு இலை கோணலாகப் போய், திரும்பி வந்த உருப்படியாம்.

வாங்கித் திருப்பிப் பார்த்தேன். எங்கே ஆரம்பித்தார், எங்கே முடித்தார் என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.