ஓடும் வரைபும் ஓயாத பதிவும்

காலம் எவருக்கும் காத்திராது ஓடுவது. அதனோடு கூடவே மாறுகின்ற வெப்பநிலை, கடல்மட்டம், நாடித்துடிப்பு, நிலநடுக்கம் முதலியவற்றை இடையறாது அளந்து, அளந்தவுடனே கோடாகக் காட்டுவது ஓடும் வரைபு ஆகும். திரையின் வலப்பக்கத்திற் புதிய அளவு புக, இடப்பக்கத்தாற் பழைய அளவு வெளியேறுகின்றது. அங்ஙனம் வெளியேறியது எங்கே செல்கின்றது? வேண்டும்போது அதனை மீண்டும் காண இயலுமா? இவ்வினாக்களையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முற்காலக் கருவிகளில் இவ்வினாவுக்கு இடமிருக்கவில்லை. 1847ஆம் ஆண்டளவில் ஜேர்மனிய உடற்றொழிலியல் அறிஞர் கார்ல் லுட்விக் அமைத்த கருவி, சுழலும் உருளையிற் சுற்றிய தாளிலே குருதியமுக்கத்தைக் கோடாக வரைந்தது. பின்னர் வந்த நிலநடுக்கப் பதிகருவிகளும் இவ்வழியையே பின்பற்றின. உருளை ஒரு முறை சுழல 15 நிமிடம் செல்லுமாயின், ஒரு நாளுக்குரிய 96 கோடுகள் ஒரே தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாய் அமையும். நிகழ்காலத்தைக் காட்டிய தாளே இறந்தகாலத்தைக் காக்கும் ஏடாகவும் விளங்கிற்று.

அவ்வேட்டின் பெருமையை விளக்க ஒரு வரலாறு போதும். 1967ஆம் ஆண்டிலே கேம்பிறிட்ஜ்ப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவியாயிருந்த ஜொஸ்லின் பெல், வானொலித் தொலைநோக்கியொன்று நாள்தோறும் வரைந்து தள்ளிய ஏறக்குறைய 100 அடி நீளமான தாளைக் கண்ணாற் பார்த்து ஆராய்ந்துவந்தார். ஒருநாள், ஓர் அங்குலத்துக்கும் குறைந்த இடத்திலே, விண்மீனுக்கும் ஒவ்வாத, மனிதராலாகிய குழப்பத்துக்கும் ஒவ்வாத கீறலொன்று தென்பட்டது. இத்தகையதை முன்னரும் கண்டதுண்டென்பது அவர் நினைவுக்கு வர, பழைய தாள்களை விரித்துப் பார்த்தார். வானத்தின் அதே திசையிலிருந்து அது முன்பும் வந்திருந்தது. தாளை விரைவாக ஓடவிட்டு மீண்டும் பதிந்தபோது, ஏறக்குறைய 1.3 செக்கனுக்கு ஒருமுறை துடிக்கும் பொருளொன்று புலனாயிற்று. துடிப்புவிண்மீன் கண்டறியப்பட்டது இவ்வாறே. பழைய தாள்கள் அன்றன்றே அழிக்கப்பட்டிருப்பின், அக்கீறல் பொருளற்றதொரு கீறலாகவே ஒழிந்திருக்குமன்றோ?

தாளின் இடத்தைக் கணினித் திரை பெற்றபின் நிலைமை மாறிற்று. திரைக்குத் தன்னியல்பாக நினைவு இல்லை. எளிய நிரலொன்றை எழுதுவோர், இறுதியாக வந்த 500 அளவுகளை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையவற்றை வீசிவிடுதல் வழக்கம். அதற்குக் காரணமும் உண்டு. செக்கனுக்கு 100 அளவுகளாக வரும் நிலநடுக்கத் தரவு, ஒரு நாளில் 86,40,000 அளவுகளாகப் பெருகும். இவையனைத்தையும் ஒவ்வொரு கணமும் புதிதாக வரைய முற்பட்டால் திரை தடுமாறி நின்றுவிடும்.

இதற்குரிய முதற்பரிகாரம், சேமிப்பையும் காட்சியையும் வெவ்வேறாகப் பிரித்தலாகும். வருகின்ற அளவு முதலிற் சேமிப்பிற் பதியப்படுதல் வேண்டும். திரையோ அச்சேமிப்பை நோக்கித் திறந்த சாளரமாக மட்டும் அமைதல் வேண்டும். சாளரம் சிறிதாயிருப்பதால் வீடு சிறிதாகிவிடாது. மேற்கூறிய ஒருநாள் தரவு, அளவொன்றுக்கு நான்கு பைற்றாகக் கொள்ளின், ஏறக்குறைய மூன்றரைக் கோடி பைற்றுகளே. இன்றைய வன்தட்டுக்கு அது பெருஞ்சுமையன்று.

இரண்டாவது, பார்ப்போன் பின்னோக்கிச் சென்று ஓரிடத்தை உற்று நோக்கும்போது, புதிய அளவு வந்ததென்பதற்காகத் திரை அவனை முன்னே இழுத்துவிடலாகாது. பதிவு தன்பாட்டில் நடைபெற, காட்சி அவன் நிறுத்திய இடத்தில் நிற்றல் வேண்டும். அவன் விரும்பும்போது நிகழ்காலத்துக்கு மீளவும் வழி இருத்தல் வேண்டும்.

மூன்றாவது சுருக்கிக் காட்டும் முறை. திரையின் அகலம் 1000 புள்ளிகளாயின், ஒரு நாளை அதில் அடக்கும்போது ஒவ்வொரு புள்ளிக்கும் 8,640 அளவுகள் வரும். அவற்றின் சராசரியை மட்டும் வரைந்தால், மேலும் கீழுமாக ஒரு செக்கன் அதிர்ந்த அதிர்ச்சி தன்னைத்தானே ஈடுசெய்து மறைந்துவிடும். ஆதலால் ஒவ்வொரு கூட்டத்திலும் மிகக் குறைந்ததையும் மிகக் கூடியதையும் எடுத்து, அவ்விரண்டையும் இணைத்து வரைதல் தக்கது. 2,000 எண்களே வரையப்படினும் ஒரு சிகரமேனும் தப்பாது.

சேமிப்பிடம் குறைவாயின் வயதுக்கேற்பச் சுருக்கலாம். 1999இல் தோபியாஸ் ஏற்றிக்கர் வெளியிட்ட ஆர்.ஆர்.டி. கருவி இவ்வகையது. அண்மைக் காலம் நுட்பமாகவும், தொலைவிலுள்ள காலம் சுருக்கமாகவும் அதில் நிற்கும். இடம் தீர்ந்ததும் மிகப் பழையதன்மேற் புதியது எழுதப்படும். கோப்பு ஒருபோதும் பருக்காது. எனினும் சுருக்கியதை மீண்டும் விரிக்க இயலாது என்பதை மறத்தலாகாது. எதனைச் சுருக்கலாம், எதனை முழுமையாகக் காக்கவேண்டும் என்பது கருவி தீர்மானிப்பதன்று. ஆய்வோன் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டியது.

இன்னுமொன்று. ஒவ்வோர் அளவும் தனக்குரிய நேரத்தைத் தாங்கியிருத்தல் வேண்டும். இணைப்பு அறுந்து அளவு வாராத வேளையை நேர்கோட்டால் மூடிவிடாது, வெற்றிடமாகவே விடுதல் நேர்மை. இல்லாததை இருப்பதாகக் காட்டும் கோடு, அழிந்துபோன பதிவினும் கேடானது.

நம் கல்லூரி ஆய்வுகூடத்திலே சிறியதோர் உணரியைக் கணினியோடு இணைத்து வெப்பநிலையை வரையும் மாணவரும் இவற்றை மனங்கொள்ளலாம். ஒரு தரவின் பொருள் அது வந்த கணத்திலேயே விளங்கிவிடும் என்ற நியதி இல்லை. நாளைய கண்ணுக்கு விளங்கவேண்டியதை இன்றைய திரை வீசிவிடாது காத்தலே நல்ல கருவியின் இலக்கணமாம்.