பழைய வண்டிக்குப் புதிய என்ஜின்: ஓசை மட்டுந்தானா பிரச்சினை?

மாத்தளை மாவட்டத்தின் மலைப்புற வீதிகளில், குறிப்பாக இரத்தோட்டையிலிருந்து றிவர்ஸ்டன் நோக்கி ஏறும் பாதையிலும் எல்கடுவைப் பக்கத்துத் தோட்டப் பாதைகளிலும், அரை நூற்றாண்டைக் கடந்த லாண்ட் றோவர்களையும் மொறிஸ் மைனர்களையும் இன்றும் காணலாம். ஆயினும் பொனட்டைத் திறந்து பார்த்தால், இங்கிலாந்தில் பொருத்தப்பட்ட என்ஜின் பலவற்றில் இருக்காது. அதனிடத்தில் நிசானோ, இசுசுவோ, டொயோட்டாவோ அமர்ந்திருக்கும். இது முறையா என்பது வாகனப் பிரியர்கள் மத்தியில் ஓயாத விவாதமாகும். வண்டியின் குரலையே மாற்றிவிட்டார்கள் என ஒரு சாரார் வருந்துவர். உதிரிப்பாகமின்றிக் கொட்டிலில் கிடக்கும் வண்டிக்குக் குரல் எதற்கு என மறுசாரார் கேட்பர்.

எமது நாட்டில் இவ்வழக்கம் பொழுதுபோக்காகத் தோன்றிய ஒன்றல்ல. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை இறக்குமதிக் கட்டுப்பாடுகள் காரணமாக, இருந்ததையே திருத்தி ஓட்டவேண்டிய நிலை காணப்பட்டது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதி வழங்கப்பட்டது. இடைப்பட்ட அந்த ஐந்தாண்டு காலமும் அதே நிலையையே நினைவூட்டியது.

ஓசை விடயத்தில் கற்பனையைவிடக் கணக்கே அதிகம். நான்கு சிலிண்டர் கொண்ட போர் ஸ்ட்ரோக் என்ஜினில் ஒரு சுழற்சிக்கு இருமுறை எரிபொருள் பற்றுகின்றது. நிமிடத்துக்கு 3,000 சுழற்சி எனின், செக்கனுக்கு 100 வெடிப்புகள். ஆறு சிலிண்டராயின் 150, மூன்றாயின் 75. வெடிப்புகள் நெருங்க நெருங்க ஓசையின் சுருதி உயர்ந்து சீராகக் கேட்கும். பழைய டூ ஸ்ட்ரோக் முச்சக்கரவண்டியும் இன்றைய போர் ஸ்ட்ரோக் வண்டியும் காதுக்கு வேறுபடுவதும் இதனாலேயே. அதே வேகத்தில் முன்னதில் 50, பின்னதில் 25. டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது. அமுக்கத்தால் சூடேறிய காற்றில் எரிபொருள் சடுதியாகப் பற்றுவதே அந்தத் தட்டல் ஓசைக்குக் காரணம். மொறிஸ் மைனரின் கதை சற்று விசேடமானது. அதன் ஏ சீரிஸ் என்ஜினில் நடுவிலுள்ள இரு சிலிண்டர்களும் ஒரே புகைவாயிலைப் பகிர்கின்றன. அதாவது நான்கு சிலிண்டர்களுக்கு மூன்றே வாயில்கள். அக்சிலறேற்றரிலிருந்து காலை எடுத்ததும் எழும் அதன் கரகரப்பைக் கேட்டு, வளைவில் வண்டி தென்படுமுன்னரே அதனை இனங்காண்போர் இன்றும் உளர்.

ஆனால் அந்தப் புகழ்பெற்ற குரலும் இரவற்குரலே என்பதைப் பலர் அறியார். 1948 இல் மைனர் வெளிவந்தபோது அதிலிருந்தது மொறிஸின் 918 சீசீ என்ஜின். 1952 இல் மொறிஸும் ஒஸ்ரினும் இணைந்த பின்னரே ஒஸ்ரினின் 803 சீசீ ஏ சீரிஸ் அதனுள் புகுத்தப்பட்டது. அதே 1952 இல்தான் ஜப்பானின் நிசான் நிறுவனமும் ஒஸ்ரின் கார்களைத் தனது நாட்டில் பொருத்துவதற்கு உடன்படிக்கை செய்துகொண்டது. எனவே மொறிஸினுள் நிசான் என்ஜினைக் காணும்போது அந்நியன் புகுந்துவிட்டான் என முகஞ்சுளிப்பது சற்று மிகையானதே.

எனினும் நிறுவனம் செய்த மாற்றத்தில் நாம் கவனிக்கவேண்டிய மற்றொன்றும் உண்டு. தொடக்கத்தில் 30 குதிரைவலுவாக இருந்த ஏ சீரிஸ், 1962 இல் 1,098 சீசீயாகி 48 குதிரைவலுவை எட்டியது. அப்போது முன்சக்கர பிரேக் டிரம்மும் 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாக்கப்பட்டது. எமது கராஜ்களில் என்ஜின் மாறுகின்றது, பிரேக் பெரும்பாலும் பழையபடியே இருக்கின்றது. டீசல் என்ஜினின் பாரம் முன்சக்கரங்களில் கூடுதலாக இறங்குவது ஒருபுறமிருக்க, றிவர்ஸ்டனிலிருந்து இறங்குகையில் என்ஜினும் ஒரு பிரேக்காகவே பயன்படுகின்றது என்பதை மறக்கலாகாது. பெற்றோல் என்ஜினில் காலை எடுத்ததும் காற்று வழி அடைபட்டு வண்டி இழுபடும். சாதாரண டீசல் என்ஜினில் அவ்வடைப்பு இல்லாமையால் அந்த இழுவை குறைவு. பழைய பழக்கத்தில் இறங்கும் சாரதி, பாதி வழியிலேயே டிரம் சூடேறிப் பிடிமானம் இழப்பதை உணர்வார். எமது பார்வையில், ஓசை பற்றிய விவாதத்தில் செலவிடப்படும் நேரத்தில் ஒரு பகுதியாவது இதற்கு ஒதுக்கப்பட வேண்டும்.

இவ்வாறான வண்டியை விலைக்கு வாங்குவோரை மற்றொரு சிக்கலும் காத்திருக்கின்றது. பதிவுச் சான்றிதழில் என்ஜின் இலக்கமும் எரிபொருள் வகையும் குறிக்கப்பட்டுள்ளன. மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்காது விட்டிருப்பின், உரிமை மாற்றத்தின்போதும், விபத்தின் பின் காப்புறுதி கோரும்போதும் அவ்விலக்கங்கள் முரண்பட்டு நிற்கும். பணத்தை எண்ணிக் கொடுக்குமுன் ஒரு டோர்ச் லைற்றுடன் குனிந்து, என்ஜினில் பொறிக்கப்பட்ட இலக்கத்தைச் சான்றிதழுடன் ஒப்பிட்டுப் பார்க்கச் சில நிமிடங்களே போதும்.